ஹெட்போனில் கோளாறா? புதிது வாங்குமுன் அறிகுறியைப் பாருங்கள்

"ஹெட்போன் போயிடுச்சு, நல்லதா ஒண்ணு சொல்லுங்க." கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வாங்கி மேசையில் வைத்துப் பார்த்தால், போனது பெரும்பாலும் ஹெட்போன் இல்லை. பின்னில் களிம்பு ஏறியிருக்கும், ஜாக்கில் தூசு அடைத்திருக்கும், செட்டிங்கில் ஏதோ மாறியிருக்கும். சில நேரம் குஷன் காதில் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். இவற்றைச் சரிசெய்யாமல் ஐயாயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்கினாலும் அதே குறை அதிலும் வரும். அதனால்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு அதிகமானது கடைசியில். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

கேபிள் முனையில் இருப்பதைப் பின் என்றும், அது நுழையும் ஓட்டையை ஜாக் என்றும் சொல்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

உங்கள் ஹெட்போனை வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ செருகிக் கேளுங்கள். பிறகு வேறொரு ஹெட்போனை உங்கள் கம்ப்யூட்டரில் செருகிக் கேளுங்கள். கோளாறு ஹெட்போன் கூடவே போனால் ஹெட்போனில் பாருங்கள். கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டால் ஹெட்போனைத் தொடவே வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு ஹெட்போன் இரவல் வாங்கினால் முடிகிற காரியம் இது. இதைச் செய்யாமல் கேபிளை வெட்டிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

அறிகுறி: ஒரு காதில் மட்டும் கேட்கிறது

அதிகம் வரும் புகார் இது. காரணங்களும் நிறைய.

*பின் முழுதாக உள்ளே போயிருக்கிறதா?* போனுக்குத் தடித்த கவர் போட்டிருந்தால் பின்னின் பிளாஸ்டிக் கழுத்து அதில் முட்டி நின்றுவிடும். கவரைக் கழற்றிவிட்டு, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

*பேலன்ஸ் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா?* விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஹெட்போனைத் தொட்டால் இடது, வலது அளவு தனித்தனியாகத் தெரியும். போனில் அக்சஸிபிலிட்டி பகுதியில் இதற்கென்று ஒரு கோடு இருக்கும், அது நடுவில் நிற்க வேண்டும். பிள்ளைகள் கையில் போன் இருக்கும் வீட்டில் இதை முதலில் பாருங்கள்.

*ஜாக்கில் தூசு?* டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். குறுவை அறுப்பும் சம்பா அறுப்பும் நடக்கும் மாதங்களில் வயலோரத்து வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்களில், ஜாக்கின் அடியில் நெல் சுணையும் நூல்பஞ்சும் சேர்ந்து மெத்தென்று ஒரு அடைப்பு இருக்கும். பின் அதில் முட்டுவதால் கடைசி அரை மில்லிமீட்டர் உள்ளே போகாது, ஒரு பக்கம் செத்துவிடும். மெஷினை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் ஓரமாகச் சுரண்டி வெளியே எடுங்கள். ஊசி, ஹேர்பின், கம்பி எதுவும் கூடாது. ஜாக்கின் உள்ளே மெல்லிய தகட்டு ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. ஒன்று வளைந்தால் போர்டைக் கழற்ற வேண்டிய வேலையாகிவிடும்.

*பின்னில் களிம்பு?* நாகப்பட்டினம், வேதாரண்யம், பூம்புகார் பக்கமிருந்து வரும் ஹெட்போன்களில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். உப்புக் காற்றுக்கு மலிவு முலாம் தாங்காது. பின்னைச் சுற்றியிருக்கும் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு கும்பகோணத்திலும் வரும். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் நனைத்துப் பின்னைச் சுற்றித் தேய்த்து, காயவிட்டு, ஜாக்கில் செருகி நாலைந்து முறை திருப்புங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. முலாம் போய்விட்டால் அடுத்த மழைக்காலத்தில் இன்னும் வேகமாகக் களிம்பு ஏறும்.

*கேபிள் உள்ளே அறுந்திருக்கிறதா?* யாராவது பேசும் ஒலிப்பதிவு ஒன்றை ஓடவிடுங்கள், பாட்டைவிடப் பேச்சில் விட்டுவிட்டு வருவது நன்றாகத் தெரியும். பின்னுக்கு மேலே இரண்டு அங்குலத்தை மெதுவாக அப்படியும் இப்படியும் வளையுங்கள். அடுத்து, கேபிள் காதுக்கூட்டுக்குள் நுழையும் இடத்தை வளையுங்கள். எங்கே வளைக்கும்போது சத்தம் வந்து போகிறதோ அங்கேதான் முறிவு. நடுக் கேபிளில் முறிவது அபூர்வம், நாற்காலிச் சக்கரம் ஏறியிருந்தால் தவிர.

கேபிள் கழற்றக்கூடியதாக இருந்தால் புதுக் கேபிள் வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது. ஆனால் வாங்குமுன் பழைய கேபிளைக் கையோடு எடுத்துப் போங்கள். காதுக்கூட்டுக்குள் போகும் முனை 2.5 மி.மீ.யா 3.5 மி.மீ.யா, திருகிப் பூட்டும் வகையா என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கழற்ற முடியாத கேபிளென்றால் முறிந்த இடத்தை வெட்டிப் புதுப் பின் சால்டர் செய்ய வேண்டும். பின்னின் விலை சொற்பம், வேலையில்தான் நுணுக்கம். வெட்டிப் பார்த்தால் உள்ளே மயிரிழை போல் மூன்று வண்ணக் கம்பிகள் தெரியும். சிவப்பு பெரும்பாலும் வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது எர்த். அந்த நிறமே ஒரு எனாமல் பூச்சு. அதை நீக்காமல் ஈயம் வைத்தால் ஒட்டினாற்போல் தெரியும், சத்தம் வராது. சால்டரிங் அயர்னின் நுனியில் உருகிய ஈயத்துளி ஒன்றை வைத்துக்கொண்டு, கம்பி நுனியை அதற்குள் சில விநாடி பிடிக்க வேண்டும். லேசாகப் புகை கிளம்பி, நிறம் கருகி, கம்பி வெள்ளியாக மின்னும். அதன் பிறகுதான் பின்னில் வைப்பது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் கடையில் கொடுத்துவிடுங்கள்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கேபிளை வெட்டுவதற்கு முன்பே முடிவு தெரிந்துகொள்ளலாம். பின்னின் நுனி இடது, அடுத்த வளையம் வலது. இரண்டு கறுப்புக் கோடு உள்ள சாதாரணப் பின்னில் அடிப்பகுதி எர்த். நுனிக்கும் எர்த்துக்கும் ஓம் (மின்தடை) அளந்து, வளையத்துக்கும் எர்த்துக்கும் அளந்து பாருங்கள். 32 ஓம் ஹெட்போன் என்றால் இரண்டும் அந்த அளவை ஒட்டி, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும். ஒரு பக்கம் எண்ணே காட்டாவிட்டால் அந்தப் பக்கம் அறுந்திருக்கிறது. அளக்கும்போது கம்பியை ஆட்டி, எண் வந்து போகிறதா என்றும் பாருங்கள்.

*எப்போது நிறுத்துவது:* கேபிள் நன்றாக இருந்து, காதுக்கூட்டுக்குள் டிரைவரின், அதாவது ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கரின், இரண்டு முனையில் அளந்தும் எண் வரவில்லையென்றால் டிரைவரே போய்விட்டது. வாரண்டி இருந்தால் சர்வீஸ் சென்டர். இல்லாவிட்டால் டிரைவர் விலையையும் புது ஹெட்போன் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். நானூறு ஐந்நூறு ரூபாய் இயர்போனுக்கு இந்த வேலை எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

ஒயர் இல்லாத இயர்பட்ஸில் ஒரு பக்கம் செத்திருந்தால், கூட்டுக்குள் சார்ஜ் ஆகும் புள்ளிகளைத் துடையுங்கள். காதுப் பக்கத்து வலையில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வலை தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளேதான் போகும்.

அறிகுறி: வாத்தியம் கேட்கிறது, பாடுபவர் குரலைக் காணோம்

"தம்பி, வயலின் வருது, மிருதங்கம் வருது, பாடுறவரை மட்டும் காணோமே." திருபுவனத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படிச் சொன்னபோது கடையில் இருந்த மற்றவர்கள் அவரை விநோதமாகப் பார்த்தார்கள். அவர் சொன்னது அத்தனையும் சரி. "சார், அந்தப் பின்னை ஒரு நூல் அளவு வெளியே இழுத்துப் பிடிங்க" என்றேன். குரல் வந்துவிட்டது.

குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிவார்கள். எர்த் தொடர்பு விட்டுப்போனால் இரண்டு டிரைவரும் தொடராக இணைந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே ஒலிக்கும். சமமாக இருப்பது அழிந்துவிடும்.

பின்னை லேசாக வெளியே இழுத்தால் குரல் வருகிறதா? அப்படியென்றால் பின்னும் ஜாக்கும் பொருந்தவில்லை. மைக் உள்ள பின்னில் மூன்று கறுப்புக் கோடு இருக்கும். அதில் மைக்கும் எர்த்தும் இடம் மாறிய இரண்டு வழக்கங்கள் உண்டு. இன்றைய போன்கள் எல்லாம் ஒரே வழக்கத்துக்கு வந்துவிட்டன. பழைய ஹெட்செட்டுகளில் மற்றது இருக்கலாம். மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டை உள்ள பழைய டெஸ்க்டாப்பில் மூன்று கோட்டுப் பின்னைச் செருகினாலும் இந்தத் தகராறு வரலாம். பிரித்துக் கொடுக்கும் ஒய் வடிவ அடாப்டர் ஒன்று போதும்.

இழுத்தும் வரவில்லை, கேபிளை ஆட்டும்போது மட்டும் வருகிறதென்றால் எர்த் கம்பி முறிந்திருக்கிறது. மேலே சொன்ன சால்டர் வேலைதான்.

அறிகுறி: பாட்டு ஓடாதபோதும் 'ங்ங்' என்று இரைகிறது

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றதா?

*நின்றது.* குற்றம் மின் இணைப்பில். சார்ஜர் பின் மூன்று காலோடு இருந்தும் இரண்டு கால் கன்வெர்ட்டர் வழியாகச் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு மூன்று கால் பிளக் பாயின்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அப்படியும் இரைந்தால் வீட்டு எர்த்தைச் சந்தேகப்படுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் சுவிட்ச் பெட்டியில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. அல்லது கொல்லையில் புதைத்த எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொடும்போது விரலில் சுருசுருவென்று தெரிந்தால் ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். இது நானோ நீங்களோ பார்க்கும் வேலை இல்லை, லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து பார்க்கும்வரை பேட்டரியில் மட்டும் கேளுங்கள்.

இடி மின்னலின்போது சார்ஜரில் இருக்கும் மெஷினில் ஒயர் ஹெட்போன் போட்டு உட்காராதீர்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் எங்கள் பக்கம் இதை வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டியிருக்கிறது.

*கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைகிறது.* ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் குணம் அது, ஃபேனும் சேர்ந்து முனகும். ஹெட்போனில் கோளாறு இல்லை. அந்த நேரம் பேட்டரியில் கேளுங்கள். இன்வெர்ட்டரை என்றாவது மாற்றும்போது சைன் வேவ் வாங்குங்கள்.

*சார்ஜர் பிடுங்கியும் நிற்கவில்லை, அல்லது டெஸ்க்டாப்.* கேபினெட்டின் முன்பக்க ஜாக்கை விட்டுப் பின்பக்கத்துப் பச்சை ஜாக்கில் செருகுங்கள். முன்பக்க ஜாக்குக்கு வரும் ஒயர் கேபினெட்டுக்குள் பல பாகங்களைச் சுற்றிக்கொண்டு வருவதால், மவுஸை அசைக்கும்போது கூடக் கிறீச் என்று கேட்கும். பின்பக்கமும் அப்படியே இருந்தால் யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன ஆடியோ அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒலி சர்க்யூட் கேபினெட்டுக்கு வெளியே வந்துவிடும். விலை உயர்ந்த ஹெட்போன் வாங்கக் கிளம்பியவர்களை இந்தச் சின்ன அடாப்டரோடு நான் திருப்பி அனுப்பியதுண்டு.

அறிகுறி: பெரிய சத்தத்தில் ஒரு பக்கம் 'பறபற'

தவில் வரும் பதிவு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்துக் கனத்த அடி விழும்போது மட்டும் பறபறக்கிறதா?

முதலில் ஈக்குவலைசரை அணையுங்கள். பேஸ் பூஸ்ட், சரவுண்டு, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் என்று பெயர் எதுவாக இருந்தாலும் அணைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து பறபறத்தால் பெரும்பாலும் இதுதான்.

ஒரே பக்கம் மட்டும் என்றால் முடி. தலைமுடி ஒன்று குஷன் வழியாக உள்ளே போய் டிரைவரின் சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். சவ்வு அசையும் ஒவ்வொரு முறையும் அது உரசும். குஷனைக் கழற்றுங்கள். பெரும்பாலான பெரிய ஹெட்போன்களில் ஓரத்தை இழுத்தாலோ சற்றுத் திருகினாலோ வந்துவிடும். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முடி பளிச்சென்று தெரியும். இடுக்கியால் முடியின் வெளிமுனையைப் பிடித்து இழுங்கள், சவ்வில் இடுக்கி படக் கூடாது. ஊதவும் வேண்டாம், வாக்வம் கிளீனரும் வேண்டாம். அந்தச் சவ்வு உள்வாங்கி மடிந்தால் பிறகு நிமிராது.

முடியும் இல்லை, இன்னும் பறபறக்கிறதென்றால் சவ்வு கிழிந்திருக்கலாம் அல்லது உள்ளே கம்பிச்சுருள் உரசலாம். டிரைவர் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

அறிகுறி: சத்தம் போதவில்லை

வால்யூம் மூன்று இடத்தில் இருக்கிறது: பிளேயரில், விண்டோஸில், ப்ளூடூத் ஹெட்போனாக இருந்தால் அதன் பட்டனிலும். மூன்றையும் பாருங்கள். அழைப்பு (கால்) வந்தால் மட்டும் பாட்டுச் சத்தம் திடீரென்று குறைகிறதென்றால் கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், கம்யூனிகேஷன்ஸ் என்று போய், 80 சதவீதம் குறைக்கச் சொல்லியிருக்கும் தேர்வை மாற்றி 'டு நத்திங்' என்று வையுங்கள்.

பிறகு உங்கள் காதைக் கவனியுங்கள். டிவி சத்தமும் எதிரில் இருப்பவர் பேச்சும் கூட மந்தமாக இருந்தால் காதில் குறும்பி அடைத்திருக்கலாம். அதை எடுக்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர், பட்ஸ் இல்லை.

நல்ல விலை கொடுத்து ஸ்டூடியோ ஹெட்போன் வாங்கியவர்களுக்கு இதே புகார் வேறு காரணத்தால் வரும். சென்ஹைசர் எச்.டி. 600 என்பது 300 ஓம். பெயர்டைனமிக் டி.டி. 770 புரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையில் வருகிறது. 250, 300 ஓம் ஹெட்போனைச் சாதாரண லேப்டாப்பில் செருகினால் முழு வால்யூமிலும் சோர்ந்துதான் பாடும், தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஆம்ப்ளிஃபையர் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் 16 முதல் 80 ஓம் வரை உள்ளதையே பாருங்கள்.

அறிகுறி: மீட்டிங்கில் மைக் ஆன் ஆனதும் பாட்டு பழைய டெலிபோன் போல ஆகிறது

ப்ளூடூத்தில் மட்டும் வரும். சாதாரண ப்ளூடூத்தில் ஸ்டீரியோ இசையும் மைக்கும் ஒரே நேரத்தில் ஓடாது. மைக் திறந்ததும் பேச்சுக்கான மோனோ (இரண்டு காதிலும் ஒரே ஒலி) இணைப்புக்கு மாறிவிடும். மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்கில் மைக்காக லேப்டாப் மைக்கையும், ஸ்பீக்கராக ஹெட்போனையும் தேர்ந்தெடுங்கள். ஊரில் இருந்தபடியே சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் பிள்ளைகள் இப்போது டெல்டாவில் தெருவுக்கு நாலு பேர். நாள் முழுக்கக் கால் பேசும் அவர்களுக்கு நான் சொல்வது ஒயர் ஹெட்செட்தான்.

அறிகுறி: அடி ஒலி இல்லை, தகரச் சத்தமாக இருக்கிறது

இரண்டு கையாலும் காதுக்கூட்டை மெதுவாகக் காதோடு அழுத்துங்கள். கனம் கூடியதா? கூடினால் டிரைவரில் குறையில்லை, காற்று கசிகிறது. மூக்குக்கண்ணாடியின் கால், காதோரத்து அடர்ந்த முடி, பெரிய தோடு, ஜிமிக்கி, தட்டையாகிப்போன குஷன், இவற்றில் ஏதாவது ஒன்று இடைவெளி விட்டிருக்கும். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குஷன் பழசானால் குஷனை மட்டும் மாற்றுங்கள். காதுக்குள் போகும் வகையென்றால் பெட்டியோடு வந்த மூன்று அளவு ரப்பரையும் போட்டுப் பாருங்கள். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வேறு அளவு தேவைப்படுவது சகஜம்.

சால்டர் செய்து வாங்கி வந்த பிறகுதான் இப்படி ஆனதா? அப்படியானால் ஒரு பக்கத்து டிரைவரில் இரண்டு கம்பியும் இடம் மாறியிருக்கின்றன. செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, ஆடியோவில் மோனோ ஆடியோவை ஆன் செய்து ஒரு பேச்சைக் கேளுங்கள். குரல் தலைக்கு நடுவில் நிற்க வேண்டும். நடுவில் நிற்காமல் இரண்டு பக்கமும் பரவி, எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாமல் இருந்தால் கம்பி மாறியது உறுதி. சால்டர் செய்தவரிடமே திருப்பிக் கொடுத்து ஒரு பக்கத்துக் கம்பிகளை மாற்றி வைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: காது வலிக்கிறது, வேர்க்கிறது, தலை கனக்கிறது

ஒலி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அரை மணியில் கழற்றி வைக்கத் தோன்றும் ஹெட்போன் வீட்டுக்கு ஆகாது. ஒலியைவிட இதைத்தான் நான் முதலில் வைப்பேன். எங்கே வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். இடத்தைப் பொறுத்துக் காரணம் மாறும்.

*காது மடலில் வலி.* மடலை அழுத்தும் சின்னக் கூடு. சிலருக்கு அது பொருந்தவே பொருந்தாது. மடல் முழுவதும் உள்ளே அடங்கும் பெரிய கூடாகப் பாருங்கள். பெரிய கூடு இருந்தும் வலித்தால், மடலின் நுனி உள்ளே டிரைவர் துணியைத் தொடுகிறதா என்று பாருங்கள். தடித்த குஷன் போட்டால் தீரும்.

*காதுக்கு முன்னாலும் தாடையிலும் வலி.* பிடிப்பு அதிகம். உங்கள் தலையின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாகப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் ஹெட்போனை மாட்டி இரவு முழுக்க விடுங்கள். இரண்டு மூன்று இரவில் தளரும். கையால் பிடித்து விரித்தால் தலைப்பட்டை உடையும். கண்ணாடி போட்டவர்களுக்கு இந்த வலி இரட்டிப்பாகும். மெல்லிய கால் உள்ள கண்ணாடியும், துணி குஷனும் சேர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

*உச்சந்தலையில் வலி.* தலைப்பட்டையை ஒரு படி இறக்கியோ ஏற்றியோ பாருங்கள். கூடுகள் பக்கவாட்டில் பிடித்தால் உச்சிக்குப் பாரம் குறையும். தீராவிட்டால் எடையைப் பாருங்கள். டி.டி. 770 புரோ சுமார் 270 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராமை ஒட்டி இருக்கிறது. இந்த நூறு கிராம் கடையில் ஐந்து நிமிடத்தில் தெரியாது, வீட்டில் இரண்டாம் மணி நேரத்தில் தெரியும்.

*வேர்வை.* சித்திரை வைகாசியில் தஞ்சாவூர் மதியத்தில் ஏசி இல்லாத அறையில் ரெக்சின் குஷன் போட்டு உட்கார முடியாது, அதில் யாருடைய குற்றமும் இல்லை. வெல்வெட் அல்லது துணி குஷன் மாற்றுங்கள். காற்று புகும் திறந்த கூடு இன்னும் குளிர்ச்சி. துணிக்கு மாறினால் அடி ஒலி கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

*காதுக்குள் அரிப்பு, நீர், நாற்றம்.* இங்கே சோதனை எதுவும் இல்லை. ஹெட்போனை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் காதுக்குள் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும், காதுக்குள் போகும் ரப்பர் அதை வளர்க்கும். குளித்த ஈரத்தோடு இயர்போன் மாட்டாதீர்கள், ஒருவருடையதை மற்றவர் போடாதீர்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது வேண்டவே வேண்டாம்.

*காதில் விடாத ரீங்காரம்.* பெரும்பாலும் சத்தத்தின் வேலை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. பிள்ளைகளுக்கு 75 டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். கை எட்டும் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் வால்யூம் அதிகம்.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போய், மாற்றிப் பார்த்ததில் ஹெட்போன் நன்றாக இருந்தால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தத் துறை இருக்கிறது. நாள் தள்ளத் தள்ள மருந்துக்குப் பலன் குறையும்.

அறிகுறி: குஷன் கறுப்புச் செதிலாக உதிர்கிறது

பி.யூ. (பாலியூரித்தேன்) ரெக்சின் ஈரத்தில் சிதையும், இங்கே சீக்கிரமே சிதையும். ஒட்ட வைக்க முடியாது. கூட்டின் நீள அகலத்தை அளந்து புது ஜோடி வாங்குங்கள், துணியாக இருந்தால் நல்லது. உபயோகித்ததும் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்தால் அடுத்த ஜோடி கூடுதல் நாள் வரும். நனைந்த ஹெட்போனை அரிசிக்குள் புதைக்காதீர்கள். தவிடும் தூளும் உள்ளே போவதுதான் மிச்சம்.

அறிகுறி: கோளாறு எதுவும் இல்லை, ஆனாலும் கேட்கப் பிடிக்கவில்லை

எதைக் கேட்டுப் பிடிக்கவில்லை என்று பாருங்கள். நாதஸ்வரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவருடைய தோடி ராகத்தை இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவில் கேட்டுவிட்டு, "கரகரங்குது, இடது வலதே பிரியலை" என்று புது ஹெட்போனைத் திருப்ப வருகிறார்கள். அந்தப் பதிவு மோனோ, கரகரப்பு தட்டில் உள்ளது. நல்ல ஹெட்போன் அதை இன்னும் தெளிவாகவே காட்டும். ஸ்டீரியோவைச் சோதிக்க அண்மைக் காலத்தில் நன்றாகப் பதிவான கச்சேரி ஒன்றை எடுங்கள்.

புதுப் பதிவிலும் பிடிக்கவில்லையா? இப்போது மாற்றலாம். வீட்டில் தனி அறை இருந்து அமைதியும் இருந்தால் திறந்த கூடு வாங்குங்கள். ஒலி தலைக்குள் அடைபடாமல் விரிந்து கேட்கும், மணிக்கணக்கில் காது களைக்காது. 1968இல் சென்ஹைசர் எச்.டி. 414 தொடங்கி வைத்த வகை இது. ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், தெருச் சத்தம் உங்களுக்கும் கேட்கும். கூட்டுக் குடும்பம், தலைக்கு மேல் ஃபேன், மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கி என்று இருந்தால் மூடிய கூடுதான். ஆடியோ டெக்னிகா ஏ.டி.எச். எம்.50எக்ஸ் மூடிய வகை, 38 ஓம், கேபிள் கழலும். லேப்டாப்பிலேயே நன்றாக ஓடும்.

எந்தக் கம்பெனி ஆனாலும் இரண்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: குஷன் கழல வேண்டும், கேபிள் கழல வேண்டும். டி.டி. 770 புரோவின் வெல்வெட் குஷனும் சொகுசும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் கேபிள் கழலாததால் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லத் தயங்குகிறேன். எச்.டி. 600இல் இரண்டும் கழலும், ஆம்ப்ளிஃபையர் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் போனையும், பின்னுக்கு ஏற்ற அடாப்டரையும், தினமும் போடும் கண்ணாடியையும் கொண்டு போங்கள். நாதஸ்வரம் உச்ச ஸ்தாயியில் நிற்கும் இடம் ஒன்றைப் போடுங்கள். அங்கே காது கூசினால் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம். அடுத்துத் தவில் தனி. வலந்தலையில் (தவிலின் வலப்பக்கம்) விரல்கூடு விழும் அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், தொப்பி அதை மூடக் கூடாது. இரண்டு மாடலும் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சமன் செய்துகொண்டு ஒப்பிடுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும்.

பிறகு பாட்டை நிறுத்திவிட்டு, ஹெட்போனைத் தலையிலேயே வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்காருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆன்லைனில் வாங்கினால் திருப்பும் கெடு எத்தனை நாள் என்று வாங்குமுன்பே பார்த்து, பெட்டியைக் கிழிக்காமல் பிரித்து, அந்தக் கெடுவுக்குள் ஒரு முழு வேலைநாள் போட்டுப் பார்த்துவிடுங்கள்.